மல்லாத்தி வைத்த மூடி

மே 20, செவ்வாய், இரவு

அக்கா,

கடையின் பின்னறையில், காலித் தேயிலைப் பெட்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். டார்ச்சை வாயில் கவ்விக்கொண்டிருப்பதால் எழுத்து கோணலாக இருக்கும், திட்டாதே. மேலே அத்தையின் குறட்டை நிற்கும்போதெல்லாம் பேனாவையும் நிறுத்திவிட்டு மூச்சைப் பிடித்துக்கொள்கிறேன்.

கோடை வகுப்புக்குப் போனபோது உன் முகவரியை எங்கள் பள்ளி நூலக மேடம் கொடுத்தார். உன்னோடு ஒரே பெஞ்சில் படித்தவராமே. பதில் எழுதினால் அவர் பெயருக்கே அனுப்பு. வீட்டுக்கு அனுப்பிவிடாதே, தயவுசெய்து. என் கைபேசியை அப்பா வாங்கித் தன் மேசை இழுப்பறையில் பூட்டிவிட்டார். "படிக்கிற பிள்ளைக்குப் போன் எதுக்கு?" என்றார். எதற்கென்று எனக்குத் தெரியாதா?

அப்பா கத்தினால்கூடப் பரவாயில்லை. கத்துவதே இல்லை. போன வாரம் அத்தை வாய்தவறி உன்னைப் பற்றி ஏதோ சொல்லிவிட்டாள். பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். திரும்பி வந்து, என்னைப் பார்த்து, ரொம்ப மெதுவாக, "இந்த வீட்டுல இனிமே ஒரே பொண்ணுதான். புரிஞ்சுதா?" என்றார். நான் தலையாட்டினேன். தலையாட்டியது எனக்கே பிடிக்கவில்லை, ஆனால் ஆட்டினேன்.

ருசி பார்க்கும் அறையைப் பூட்டிவிட்டார். யாராவது வந்து, அவருடைய பட்டப்பெயரைச் சொல்லி, "இந்த வருஷக் கொழுந்து எப்படி இருக்கு, மூக்கு?" என்று கேட்டால், "நல்லா இருக்கு" என்பதோடு முடித்துக்கொள்கிறார். முன்பெல்லாம் பத்து நிமிடம் பேசுவார் இல்லையா, வேகவைத்த பட்டாணி வாசனை, மழை நின்ற புல்வெளி, கடைசியில் நாக்கின் ஓரத்தில் ஒரு இனிப்பு என்று? இப்போது சொல்வதற்கு அவரிடம் என்ன இருக்கிறது? அந்தக் காய்ச்சலில் வாசனையும் ருசியும் தெரியாமல் அவருடைய மூக்கு போனது. நீ போனதும் அவருக்கு உன் மூக்கும் போய்விட்டது. மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் மட்டும் பழைய பழக்கத்தில் தினமும் வந்து உட்கார்ந்துவிட்டுப் போகிறார். மற்றவர்கள் அப்பாவை "மூக்கு" என்று கூப்பிடும்போது முன்பு சிரிப்பு வரும். இப்போது அவர்கள் பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். தேயிலை வாங்க ஹோட்டல்காரர்கள் வந்த அன்று நடந்தது எல்லோருக்கும் தெரிந்துவிட்டது.

இன்னொன்று சொல்கிறேன், நீ நம்ப மாட்டாய். நேற்றுக் காலை அப்பா முதல் பறிப்புப் பச்சைத் தேயிலையைக் கோப்பையில் போட்டு, பொங்கிக்கொண்டிருந்த கெட்டிலை அப்படியே எடுத்துக் கொட்டினார். வெப்பமானி சமையல் மேடைக்கு மேலே ஆணியில் தொங்குகிறது, தொடவே இல்லை. "அப்பா, எழுபது டிகிரி..." என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. "எனக்கு எழுபதும் ஒண்ணுதான், நூறும் ஒண்ணுதான்" என்று சொல்லிவிட்டு அதைக் குடித்து முடித்தார். நான் பிறகு அந்தக் கோப்பையின் அடியில் இருந்ததை நாக்கில் வைத்துப் பார்த்தேன். வேப்பிலைதான்.

அக்கா, ஒரு கேள்வி. முள் வைத்த வெப்பமானி கீழே விழுந்தால் தப்பாகக் காட்டுமா? பள்ளியில் கேட்டார்கள்.

எலி

*

மே 26, திங்கள்

எலிக்கு,

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நான்காவது முறை படித்திருந்தால் பேருந்து ஏறியிருப்பேன். அதனால் மடித்து வைத்துவிட்டேன்.

அப்பாவுக்காக நான் வருத்தப்பட வேண்டும் என்று எதிர்பார்த்து எழுதினாயா? படவில்லை. அன்று ஹோட்டல்காரர்கள் போன பிறகு என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "வேணும்னே பண்ணினியா?" நான் பதில் சொல்லவில்லை. உடனே "இப்படி இருக்கிறதா இருந்தா இந்த வீட்டுல இருக்காதே" என்றார். இருபத்து நான்கு வயதில் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு இறங்கினேன். ஒரே பெண் போதும் என்றால் அவர் சௌகரியம். அந்த ஒரே பெண்ணை ஒழுங்காகப் படிக்கவைக்கட்டும்.

இங்கே ஒரு பெரிய மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில், தேநீர் விற்கும் முகப்பில் வேலை. காலை ஆறு முதல் மதியம் இரண்டு வரை. அறை சிறியது, ஜன்னலைத் திறந்தால் பக்கத்துக் கட்டிடத்துச் சுவர் கை நீட்டிக் குலுக்குகிறது. வாடகைக்குத் தகுந்த காட்சி.

முகப்பில் ஒரு கொதிகலம். குழாயைத் திறந்தால் கொதிநீர், அது ஒன்றுதான் வரும். பச்சைத் தேயிலைப் பையைப் போட்டு அதன்மேல் இந்தத் தண்ணீரை விட்டு, கசக்கிறது என்று மூன்று பொட்டலம் சர்க்கரை போட்டுக் குடிக்கிறார்கள். உடம்புக்கு நல்லது என்று மருத்துவர் சொன்னாராம், தண்டனை மாதிரி குடிக்கிறார்கள். முதல் இரண்டு நாள் பார்த்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள் பொறுக்கவில்லை. இரண்டு குவளை எடுத்து வைத்துக்கொண்டேன். கொதிநீரை ஒன்றில் ஊற்றினால் கொஞ்சம் அடங்கும், அதிலிருந்து அடுத்ததற்கு மாற்றினால் இன்னும் அடங்கும். மூன்றாம் தடவை மாற்றும்போது ஆவி நேராக எழாமல் தயங்கித் தயங்கிச் சாய்ந்து போகும். அப்போது இலை மேல் விட வேண்டும். வெப்பமானி வேண்டாம்.

மேற்பார்வையாளர் பின்னால் வந்து நின்றார். "இது டீக்கடையா, ஆராய்ச்சிக்கூடமா? வரிசை வாசல் வரைக்கும் நிக்குது பாரும்மா."

"கசக்காம குடிக்கட்டுமேன்னு..."

"ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க கசப்புக்குத் தயாராத்தான் வர்றாங்க."

நல்ல மனிதர்தான். எக்ஸ்ரே எடுக்கும் அண்ணன் ஒருவர் மட்டும் குடித்துவிட்டுப் பாதி வழியிலிருந்து திரும்பி வந்து, "தங்கச்சி, இதுல சர்க்கரை போட்டியா?" என்று கேட்டார். போடவில்லை என்றேன். கோப்பைக்குள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். அன்று முழுவதும் நன்றாக இருந்தது.

உன் கேள்விக்கு வருகிறேன். விழுந்தால் தப்பாகக் காட்டும். தலைப்பக்கம் அடிபட்டால் முள் நகர்ந்துவிடும். ஆனால் எந்தப் பள்ளியில் இதைக் கேட்கிறார்கள்? நீ பொய் சொல்லும்போது கேள்வி கேட்பாய், எனக்குத் தெரியும்.

டார்ச்சை வாயில் வைக்காதே. துருப்பிடித்தது அது.

அக்கா

*

மே 30, வெள்ளி, இரவு

அக்கா,

நான்தான்.

இனி வரிசையாகச் சொல்லிவிடுகிறேன்.

ஹோட்டல்காரர்கள் வருவதற்கு முந்தின நாள் மாலை, ருசி அறையையும் சமையல் மேடையையும் துடைக்கும் முறை என்னுடையது. வெப்பமானியை ஆணியிலிருந்து எடுத்துத் துடைத்துக்கொண்டே மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் போல நடித்துக் காட்டினேன், அத்தை சிரிக்க வேண்டும் என்று. அது கையிலிருந்து நழுவிக் கல்தரையில் தலைகீழாக விழுந்தது. கண்ணாடி உடையவில்லை. அத்தை, "புல்லு கழுவின தண்ணிக்கு இத்தனை கருவியா!" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போனாள். உடையவில்லையே என்று நான் ஆணியில் திருப்பி மாட்டினேன்.

மறுநாள் காலை அதைச் சரிபார்க்கும் வேலையும் என்னுடையதுதான். கொதிக்கும் தண்ணீரில் வைத்து, நூறு காட்டினால் நோட்டில் டிக் போட வேண்டும். நான் ஆறாம் வகுப்பிலிருந்து போடுகிறேன். அன்று நேரமாகிவிட்டது, கணக்குப் பரீட்சை வேறு. ஒரு நாளும் நூறு காட்டாமல் இருந்ததில்லையே என்று தண்ணீரே வைக்காமல் டிக் போட்டுவிட்டுப் பள்ளிக்கு ஓடினேன்.

பரீட்சை முடிந்து மதியம் திரும்பி வந்தபோது அவர்கள் உள்ளே இருந்தார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். நீ தட்டைக் கொண்டுவந்து வைத்ததையும், கோப்பையின் மூடியை எடுத்து மல்லாத்தி வைத்ததையும் பார்த்தேன். மல்லாத்தி வைத்தால் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், கவிழ்த்து வைத்தால் சரியில்லை, ஏதாவது சாக்குச் சொல்லிவிட்டு மறுபடி போடவேண்டும் என்று அர்த்தம். அப்பாவும் நீயும் அந்த நாலு மாதமாக அப்படித்தான் செய்துகொண்டிருந்தீர்கள். நீ சமையல் மேடையில் ருசி பார்த்துவிட்டு வருவாய், அப்பா உன் மூடியைப் பார்த்துவிட்டுப் பேசுவார். அன்றும் மூடியைப் பார்த்தார். ஒரு வாய் குடித்தார். கண்ணை மூடிக்கொண்டு, "பாருங்க, கசப்புங்கிறது துளிகூட இல்லை. கரும்பு கடிச்ச மாதிரி ஒரு முடிவு" என்றார்.

வந்தவர்களில் ஹோட்டலுக்குக் கொள்முதல் செய்யும் அம்மா வாயில் இருந்ததை எங்கே துப்புவது என்று தெரியாமல் கைக்குட்டையை எடுத்தாள். கூட வந்தவர், "சார், இன்னொரு வாய் குடிச்சுச் சொல்லுங்க" என்றார். அப்பா குடித்தார். "அதேதான். தேன்" என்றார். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். "உங்களுக்கு எப்போலேர்ந்து இப்படி, சார்?" என்று அந்த அம்மா மெதுவாகக் கேட்டாள். அப்பாவின் காது சிவந்தது. அதை நான் மறக்க மாட்டேன்.

நீ போன அன்று இரவு வெப்பமானியைக் கொதிநீரில் வைத்துப் பார்த்தேன். எண்பத்தைந்து காட்டியது. அப்படியென்றால் நீ எழுபது என்று நினைத்து ஊற்றியபோது உண்மையில் எண்பத்தைந்து. அவர்கள் அரைமணி நேரம் முன்னாலேயே வந்துவிட்டார்களாம், அத்தை சொன்னாள். உனக்கு ருசி பார்க்க நேரமில்லாமல், முள்ளை நம்பி மூடியை வைத்திருக்கிறாய். நீ ஒரு தப்பும் செய்யவில்லை. வேண்டுமென்றே செய்தாயா என்று கேட்டபோது உனக்கு ரோஷம் வந்து வாயை மூடிக்கொண்டாய், அதுவும் எனக்குப் புரிகிறது. நான் கதவுக்குப் பின்னால்தான் இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நீ படி இறங்கியிருக்க மாட்டாய். பயம் அக்கா. வேறொன்றும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அப்பாவிடம் சொல்லப்போகிறேன். இரண்டாவது பெண்ணும் வேண்டாம் என்று சொன்னால் என்னை உன்னோடு வைத்துக்கொள்வாயா? அந்தச் சின்ன அறையில் பெட்டிகளுக்கு நடுவில்கூடத் தூங்குவேன், பழகிவிட்டது.

எலி

*

ஜூன் 3, செவ்வாய்

எலி,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. ஞாயிறு போய்விட்டது. நீ சொல்லியிருக்கக் கூடாதே என்று வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். நீ எதற்கும் கடைசி நிமிடத்தில் பின்வாங்குகிறவள், இதிலும் வாங்கியிருப்பாய் என்று நம்புகிறேன்.

சொல்லாதே. உன்னைக் காப்பாற்றுவதற்காக இதைச் சொல்லவில்லை.

எனக்கு நேரம் இருந்தது. அவர்கள் முன்னால் வந்தது உண்மை, ஆனால் அத்தை அவர்களை உட்காரவைத்துத் தன் முழங்கால் வலியைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள், உனக்குத் தெரியுமே, அது சீக்கிரம் முடியாது. நான் எப்போதும் போலக் கரண்டியில் எடுத்துக் குடித்தேன். வாய்க்குள் போனதுமே தெரிந்தது. ஏன் கசக்கிறது என்று தெரியவில்லை. முள் எழுபதில்தான் இருந்தது. இலை அதே பெட்டிதான். கீழே கொட்டிவிட்டு வேறு தண்ணீர் வைக்கலாம் என்று கெட்டிலைத் தொட்டேன்.

முந்தின நாள் இரவு எனக்கும் அப்பாவுக்கும் நடந்த பேச்சு உனக்குத் தெரியாது, நீ பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாய். "இதோட போதும்பா, வர்றவங்ககிட்ட உண்மையைச் சொல்லிடலாம், மூக்கு போயிருச்சு, பொண்ணு பார்த்துக்கிறான்னு" என்றேன். நாலு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்ததுதான். "உன் நாக்கை வச்சு என் பேரைப் பறிக்கப் பாக்கிறியா?" என்றார். நான் அப்படி நினைத்ததே இல்லை, எலி. இரவு முழுவதும் தூக்கமில்லை. காலையில் ஒன்றுமே நடக்காதது போல வந்து, "இன்னிக்கு மூடியைச் சரியா வை" என்றார். நான் ஏதோ மூடி வைக்கிற ஆள் மாதிரி.

கெட்டிலைத் தொட்ட கையை எடுத்துவிட்டேன். தட்டைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன். நடந்து போகும்போதுகூடக் கவிழ்த்து வைக்கத்தான் நினைத்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை, என் கையை மட்டும் பார்த்தார். மல்லாத்தி வைத்தேன்.

அவர் அசடு வழிவார், அதோடு இந்த நாடகம் முடியும் என்று நினைத்தேன். கரும்பு, தேன் என்று அவர் பேசிக்கொண்டே போவார் என்று நினைக்கவில்லை. அவர் இரண்டாவது வாய் குடித்தபோது நான் ஓடிப்போய்க் கோப்பையைப் பிடுங்கியிருக்கலாம். நின்றுகொண்டிருந்தேன். அவர் கேட்டபோது பதில் சொல்லாததற்குக் காரணம் ரோஷம் இல்லை.

நீ முள்ளைக் கெடுத்தாய், சரி. அந்தத் தேநீர் அவர்களுக்கு முன்னால் போயிருக்கவே கூடாது. போகவிட்டது நான். உன் தப்பு சமையல் மேடையோடு முடிந்துபோயிருக்க வேண்டியது.

உனக்கு எழுதுவதற்கே இவ்வளவு கஷ்டமாக இருக்கிறது. அவருக்கு எழுத இன்னும் கொஞ்ச நாள் வேண்டும். அதுவரை வாயைத் திறக்காதே.

அக்கா

*

ஜூன் 5, வியாழன், இரவு

அக்கா,

நான் பின்வாங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமையே சொல்லிவிட்டேன்.

மத்தியானம் கடை சாத்தியதும் வெப்பமானியையும் நோட்டையும் எடுத்துக்கொண்டு அப்பா முன்னால் போய் நின்றேன். என்னவெல்லாமோ ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன், "அப்பா, தண்ணி வைக்கட்டுமா?" என்பது மட்டும்தான் வந்தது. வைத்தேன். கொதித்தது. வெப்பமானியை உள்ளே விட்டு அவரைப் பார்க்கச் சொன்னேன். எண்பத்தைந்து.

அந்த முள்ளைப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். பிறகு நோட்டை வாங்கி, அந்தத் தேதியில் நான் போட்ட டிக் மேல் விரலை வைத்தார். அடிக்கப் போகிறார் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன்.

"அப்போ அவ பண்ணலையா?"

"இல்லப்பா. நான்தான்."

"நான் கேட்டப்போ ஏன் அவ இல்லைன்னு சொல்லல?"

"ரோஷம்ப்பா. உங்கள மாதிரி."

அடுப்பை அணைக்கக்கூட மறந்து அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்தார். தண்ணீர் முழுவதும் சுண்டிப் பாத்திரம் காந்தியது. எனக்கு நாறியது. அவருக்குத் தெரியவில்லை, நான்தான் எழுந்து அணைத்தேன். "ஒரு மாசமா இதை வயித்துல வச்சுக்கிட்டா இருந்தே?" என்று கேட்டு என் தலையில் கை வைத்தார். அப்போதுதான் அழுதேன். அத்தை வந்து, "என்ன ரெண்டு பேரும் பாத்திரத்தைத் தீச்சுட்டு ஒப்பாரி?" என்று கேட்டாள். பிறகு அவளும் உட்கார்ந்துகொண்டாள்.

இன்று மதியம் நூலக மேடம் உன் கடிதத்தைக் கொடுத்தார். கழிப்பறைக்குள் போய்ப் படித்தேன். மணி அடித்தது, போகவில்லை.

அப்பா நாளை இரவுப் பேருந்தில் உன்னிடம் வருகிறார். மன்னிப்புக் கேட்க வருகிறார், அக்கா! மேடத்திடம் முகவரியை நான்தான் வாங்கிக் கொடுத்தேன். வெள்ளைச் சட்டையை அத்தை இஸ்திரி போடுகிறாள். அவர் கிளம்புவதற்குள் இந்தக் கடிதம் உன்னிடம் வராது என்று தெரியும். இருந்தும் எழுதுகிறேன், எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் அவரைத் தடுக்க வேண்டுமா? என்ன சொல்லித் தடுப்பது? உன் கடிதத்தைக் காட்டியா?

நீ அன்று ருசி பார்த்தாய். அதை எத்தனை முறை படித்தாலும் நான் வேறு மாதிரி படிக்கப் பார்க்கிறேன்.

எலி

*

ஜூன் 8, ஞாயிறு

எலி,

அப்பா வந்தார். உன் கடிதம் எதுவும் அதற்கு முன்னால் வரவில்லை. அதனால் எனக்கு ஒன்றும் தெரியாது, இதை நீ நம்ப வேண்டும்.

நேற்றுக் காலை வேலையில் இருந்தேன். நல்ல கூட்டம். தலை நிமிராமல் கோப்பையை நீட்டிக் காசை வாங்கிக்கொண்டிருந்தேன். "ஒரு கிரீன் டீ" என்று ஒரு குரல். நிமிர்ந்தால் வெள்ளைச் சட்டையில் அப்பா. வரிசையில் நின்று வந்திருக்கிறார். பழக்கத்தில் குவளைகளை எடுத்தேன், தண்ணீரை மாற்றி மாற்றி ஊற்றினேன். அவர் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். கொடுத்தேன். குடித்தார். "எப்படி இருக்கு?" என்று கேட்டுவிட்டேன், எல்லோரிடமும் கேட்பது போல.

"அதை நீதாம்மா சொல்லணும்" என்றார்.

பிறகு அத்தனை பேருக்கு முன்னால் சொன்னார். சின்னவள் எல்லாவற்றையும் சொல்லிவிட்டாளாம். பெற்ற பெண்ணைச் சந்தேகப்பட்டுவிட்டாராம். "என்னை மன்னிச்சிரும்மா." பின்னால் நின்றவர்கள் முணுமுணுக்கவில்லை, வேறு பக்கம் பார்த்தார்கள். மேற்பார்வையாளர் தானே வந்து முகப்பில் நின்றுகொண்டு எங்களை வெளியே போகச் சொன்னார்.

வெளியே ஒரு சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்தோம். ஹோட்டலுக்குக் கடிதம் எழுதிவிட்டாராம். எனக்கு மூக்கு போய் ஐந்து மாதம் ஆகிறது, இதுவரை உங்களிடம் பேசியது என் மகளின் நாக்கு, அன்று கருவி பழுது, அவள்மேல் குற்றம் இல்லை என்று. கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாராம். நாலு மாதம் நான் தொண்டை வறளச் சொன்னதை உன் முள் ஒரே மதியத்தில் செய்துவிட்டது.

நான் சொல்ல வாயைத் திறந்தேன். இதைச் சத்தியமாகச் சொல்கிறேன். "அப்பா, அன்னிக்கு..." என்று தொடங்கினேன். "அதெல்லாம் இனி எதுக்கும்மா" என்று என் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கை ஈரமாக இருந்தது. "பரவாயில்லப்பா" என்றேன். என் வாயிலிருந்து வந்தது அதுதான், எலி. மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய நான் அவரை மன்னித்துவிட்டேன். அவர் முகம் அப்படியே தெளிந்தது. அதன் பிறகு எப்படிச் சொல்வது?

22ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை வந்துவிடச் சொல்லியிருக்கிறார். சரி என்று சொல்லியிருக்கிறேன்.

மூன்றாம் தேதி நான் எழுதிய கடிதத்தை எரித்துவிடு. இனி அதைச் சொல்லி யாருக்கு என்ன ஆகப்போகிறது? ஐம்பத்தெட்டு வயது அவருக்கு. ஒரு மாதமாக அவர் பட்டது போதாதா? நாம் மூவரும் பழையபடி இருக்கலாம். நீயும் அதைத்தானே கேட்டாய்?

எரித்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுது.

அக்கா

*

ஜூன் 12, வியாழன், இரவு

அக்கா,

எரிக்கவில்லை.

எரிக்கப் பார்த்தேன். அடுப்பைப் பற்றவைத்துக் கையில் பிடித்துக்கொண்டே நின்றேன். அத்தை தண்ணீர் குடிக்க வந்தாள், அதை மடித்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டேன். அவள் போன பிறகு மறுபடி எடுக்கத் தோன்றவில்லை.

என் கைபேசியை அப்பா திருப்பிக் கொடுத்துவிட்டார். உன்னைக் கூப்பிட்டே பேசியிருக்கலாம். பேசினால் நீ அழுவாய், நானும் அழுவேன், சரி அக்கா, சரி அக்கா என்று எல்லாவற்றுக்கும் சொல்லிவிடுவேன். அதனால் எழுதுகிறேன். இப்போது ஒளிந்து எழுத வேண்டியதில்லை, இருந்தாலும் பின்னறையில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இங்கே நடப்பதைச் சொல்கிறேன், கேள். உன் கட்டிலை அப்பா ஜன்னல் பக்கம் மாற்றிப் போட்டிருக்கிறார். ருசி அறையைத் திறந்து, கோப்பைகளை எல்லாம் சோடா போட்டுக் கழுவி வெயிலில் வைத்தார். புது வெப்பமானி வாங்கியிருக்கிறார், என்னையே சரிபார்க்கச் சொன்னார். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் வந்தார். "என்னை இனிமே மூக்குன்னு கூப்பிடாதீங்க, அது போய் மாசக்கணக்காச்சு" என்று அப்பாவே சிரித்துக்கொண்டு சொன்னார். அவர் திகைத்துப்போய், "அப்ப வியாபாரம்?" என்று கேட்டார்.

"பெரியவ வர்றா. இனி அவ சொல்றதுதான். அவ கசக்குதுன்னா கசக்குது, இனிக்குதுன்னா இனிக்குது. கண்ணை மூடிக்கிட்டு நம்பலாம்."

இதை அவர் வருகிறவர்கள் எல்லோரிடமும் சொல்கிறார். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார், இதெல்லாம் உன்னால்தான் என்பது போல. முன்பு அவர் பேசாமல் இருந்தபோது பயந்தேன். இப்போது அவர் சிரிப்பதைப் பார்த்துப் பயப்படுகிறேன்.

பழையபடி இருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். நான் கேட்டது அதுதான், உண்மை. நீ வந்தால் போதும் என்றுதான் அந்த வெப்பமானியைத் தூக்கிக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றேன். நீ ஒரு தப்பும் செய்யவில்லை என்று என் வாயால் சொன்னேன். ரோஷம் என்று சொன்னேன். அப்போது எனக்குத் தெரியாது, அதனால் அது பொய் இல்லை. ஆனால் இப்போது அவர் அதையே திரும்பத் திரும்பச் சொல்லும்போது நான் தலையாட்டினால், அது என் பொய்யாகிவிடுகிறது. நான் தலையாட்டிக்கொண்டுதான் இருக்கிறேன்.

உனக்கு அவர்மேல் அன்று வந்த கோபம் எனக்குப் புரிகிறது. "மூடியைச் சரியா வை" என்று என்னிடம் சொல்லியிருந்தால் நானும் என்ன செய்திருப்பேனோ. அவர் அதைக் கேட்க வேண்டும். அவர் உன்னிடம் அப்படிப் பேசியது தப்பு என்பதும் உன் கடிதத்தில்தான் இருக்கிறது. நீ சொல்லாவிட்டால் அவருக்கு அதுவும் தெரியப்போவதில்லை. முள் கெட்டதால்தான் எல்லாம் நடந்தது என்றே நினைத்துக்கொண்டிருப்பார்.

நான் சொல்ல மாட்டேன், பயப்படாதே. உன் கடிதத்தைக் காட்டவும் மாட்டேன். என்னுடையதை நான் சொல்லிவிட்டேன். இது உன்னுடையது. பெஞ்சில் சொல்ல முடியவில்லை என்றால் எழுது. இப்போது நீ கடிதத்தை வீட்டு முகவரிக்கே அனுப்பலாம், அவர் பெயர் போட்டு. தினமும் தபால்காரர் வரும் நேரத்தில் அவரே வாசலில் நிற்கிறார், ஹோட்டல்காரர்கள் பதில் போடுவார்கள் என்று. இன்னும் போடவில்லை.

நீ எழுதினால் அவர் உன்னை வரவேண்டாம் என்று சொல்லிவிடலாம். அது எனக்குத் தெரியும். எழுதச் சொல்லிவிட்டு, அதை நினைத்து நேற்று முழுவதும் சாப்பிடவில்லை.

22ஆம் தேதி பேருந்து நிலையத்துக்கு நான் வருவேன். அதற்குள் உன் கடிதம் அவருக்கு வந்திருந்து, அவர் வர மறுத்தாலும், நான் தனியாக வந்து நிற்பேன். உன்னைக் கட்டிக்கொள்வேன், எங்கே போகிறாயோ அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு வருவேன். கடிதம் வந்திருக்காவிட்டால் அவர் வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு முன்னால் நிற்பார், நான் அவருக்குப் பக்கத்தில் நிற்பேன். நீ இறங்கியதும் உன் பையை அவர் வாங்கிக்கொள்வார்.

நான் வாங்க மாட்டேன், அக்கா.